பூனைக்கு வெளிக்கூண்டு: வலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக் கட்டிய பதிவு

இரண்டு பூனைகள் தாராளமாகப் புழங்கும் அளவுக்கு, வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டிய வெளிக்கூண்டின் வேலைக் குறிப்பு இது. பூனை வளர்ப்பவர்கள் கேட்டியோ என்று சொல்லும் அதே அமைப்புதான். நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். உயரம் சுவரோரம் 2.1 மீட்டர், முன்புறம் 1.95 மீட்டர். ஜன்னலில் பொருத்திய பூனைக் கதவு வழியாகப் பூனை தானே வந்துபோகும். ஆள் நுழையப் பக்கவாட்டில் இரண்டு கதவுள்ள சிறு நுழைவு அறை.

இத்தகைய கூண்டுகளுக்குச் செய்முறைகள் நிறையவே கிடைக்கின்றன. பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றன: பூனை தப்பித்துப் போகுமா? தோட்டத்தில் வாழும் குருவி, அரணை, தவளை, பல்லி இவற்றின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. அவை உள்ளே வந்து மாட்டிக்கொள்ளுமா? வலைக்கு வெளியே இருக்கும்போதே பூனையின் நகம் அவற்றை எட்டுமா? இந்த இரண்டையும் யோசிக்காமல் கட்டிய கூண்டு, பூனைக்கு வேலியாகவும் அரணைக்குப் பொறியாகவும் ஆகிவிடும். கீழே வரும் அளவுகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டு கேள்விகளை வைத்து முடிவானவை.

"எங்கள் பூனை எதையும் பிடித்து வருவதில்லையே" என்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா கட்டி நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. அவற்றில் 44 சதவீதப் பூனைகள் வேட்டையாடின. பிடித்தவற்றில் வீட்டுக்கு வந்தது 23 சதவீதம்தான். 28 சதவீதத்தை அங்கேயே தின்றன, 49 சதவீதத்தைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தன. வாசலில் கிடப்பதை மட்டும் எண்ணுகிறவர் நான்கில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்ப்பதில்லை. அதிகம் அகப்பட்டவை பறவைகளும் அல்ல, பல்லி வகைகள். ஆகவே வலையின் கீழ்ப்பகுதிக்கும் சுவர் இடுக்குக்கும் இந்த வேலையில் அதிக நேரம் போனது.

இடம் குறிப்பது

ஜன்னல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூண்டு என்று முடிவெடுத்துவிடுவது வழக்கம். அதற்கு முன்னால் அந்த ஜன்னலிலிருந்து 5 மீட்டர் சுற்றளவுக்குள் பறவைகள் கூடு கட்டும் புதர், தண்ணீர்த் தொட்டி, தீனித் தட்டு ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். பூனை தொடவே வேண்டாம், கண்ணில் பட்டாலே பறவை பாதிக்கப்படுகிறது. பிரிட்டனில் கரும்பறவைக் கூடுகளுக்குப் பக்கத்தில் பாடம் செய்த பூனைப் பொம்மையைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துப் பார்த்தார்கள் (2013-இல் வெளியான ஆய்வு). பொம்மையை எடுத்த பிறகும் தாய்ப்பறவைகள் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெற்றோர் போட்ட எச்சரிக்கைச் சத்தத்தைக் கேட்டு வேறு வேட்டைக்காரர்கள் கூட்டைக் கண்டுபிடித்ததும் நடந்தது.

வலைக்குள் இருக்கும் பூனை பொம்மையைவிட அதிகம் அசையும், அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். தொட்டியையும் தீனித் தட்டையும் இடம் மாற்றிவிடலாம். புதரை நகர்த்த முடியாது என்பதால், புதர் இருக்கும் பக்கத்தில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்துக்கு வலைக்கு வெளியே மரப்பலகைத் தடுப்பு வைக்க வேண்டும். அந்தப் பக்கம் பூனைக்கு உயரமான தட்டு போடக் கூடாது. கூடு கட்டும் பருவத்தில் தடுப்பை முழு உயரத்துக்கும் ஏற்றிக்கொள்ளும்படி இரண்டு கொக்கிகள் விட்டால் போதும்.

வெயிலைப் பொறுத்தவரை, நாளில் ஏதோ ஒரு நேரம் பாதிக் கூண்டாவது நிழலில் இருக்க வேண்டும். முழு நாளும் வெயில் விழும் சுவர் என்றால் வேறு ஜன்னலைத் தேடுவது நல்லது.

வலை: பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

தேர்ந்தெடுத்தது 12 மி.மீ. சதுரக் கண்ணி உள்ள வெல்ட் மெஷ். கம்பி 1 மி.மீ. கனத்துக்குக் குறையாமல், துத்தநாகப் பூச்சு உள்ளது. 25 மி.மீ. கண்ணி பூனையைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் பூனை தன் முன்னங்காலை அதன் வழியே மூட்டு வரை நீட்டும். வலையில் வந்து தொற்றும் சிட்டுக்குருவியின் கால் விரல்கள் கண்ணியைச் சுற்றி உள்ளே வளைந்திருக்கும். பூனைக்கு அது போதும். 12 மி.மீ. கண்ணியில் நகத்தின் நுனி மட்டும் போகும், பாதம் போகாது. வளர்ந்த அரணை, தவளை, சுண்டெலி இவையும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும்.

கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோண வலை வேண்டாம். கம்பி முறுக்கித்தான் பின்னியிருக்கும், வெல்டு கிடையாது. பூனை ஒரே இடத்தில் தொங்கித் தொங்கி இழுத்தால் கண்ணி விரியும். நைலான் வலை இன்னும் மோசம். பூனை கடித்து ஓட்டை போடும் என்பது ஒரு பக்கம். தொய்ந்த நைலானில் பறவையின் காலும் பாம்பின் உடலும் சுற்றிக்கொண்டால், அவை விடுபட முறுக்க முறுக்க இறுகும். தோட்டத்து உயிர்களுக்காகக் கட்டும் கூண்டில் நைலான் வலைக்கு இடமே இல்லை.

வலைச் சுருள் 1.2 மீட்டர் அகலம். அதை வைத்துத்தான் சட்டங்களின் அகலம் 1.2 மீட்டர் என்று தீர்மானமானது. நடுவில் ஒட்டுப் போட வேண்டிய இடமே வராது. தேவைப்பட்ட நீளம்: முன்புறம் இரண்டு சட்டத்துக்கு 3.9 மீட்டர், பக்கவாட்டுக்கு 4.2, கூரைக்கு 2.4, நுழைவு அறைக்கு 6.65. மொத்தம் 17.15 மீட்டர். 20 மீட்டர்ச் சுருள் வாங்கினால் வெட்டுத் தவறுக்கும் மிச்சம் இருக்கும். நுழைவு அறையின் அகலம் 80 செ.மீ. மட்டுமே என்பதால் அங்கே 40 செ.மீ. அகலத் துண்டுகள் மூன்று மிஞ்சும், ஒவ்வொன்றும் 1.95 மீட்டர். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எலி தோண்டி வராமல் வெளியே தரையில் மடித்துப் புதைக்கும் தரையடி மடிப்புக்கு அப்படியே பயன்படும்.

புது வலையில் வெள்ளைப் பொடி போலப் படிந்திருந்தால் அது துத்தநாகத் துரு. பூனை வலையை நக்கும் என்பதால், வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து பிரஷால் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பொருத்த வேண்டும்.

சட்டம்

45×45 மி.மீ. மரச்சட்டம், கழிவு உட்பட 85 முதல் 90 மீட்டர். பழைய மரத்தைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அது எதில் ஊறியது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய மரமும் ஆர்செனிக் கலந்த மருந்தில் பதப்படுத்திய பழைய மரமும் பூனைக்கு ஆபத்து. பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. நாய்க்குப் பாதகமில்லாத பல பூச்சுகள் பூனைக்கு விஷமாவது இதனால்தான். பூச்சி அரிக்காமலிருக்கப் பெர்மெத்ரின் கலந்த மருந்து அடிப்பதும் கூடாது, பூனையின் நரம்பு மண்டலத்தை அது தாக்கும். தண்ணீரில் கரையும் வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடித்து, வாசனை முழுவதும் போகும்வரை காயவிட்டோம்.

சட்டங்களைத் தனித்தனியாகச் சமதரையில் செய்து, பிறகு நிறுத்திப் போல்ட் போடுவதே சரியான வழி. நின்ற இடத்திலேயே கால் நட்டு ஒவ்வொன்றாக அடித்தால் மூலைகள் சரியாக வராது, பின்னால் இடமும் மாற்ற முடியாது. ஒவ்வொரு மூலையிலும் 5×80 மி.மீ. திருகாணி இரண்டு. முதலில் 3 மி.மீ. டிரில்லால் துளை போட்டுக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் சட்டத்தின் முனை நீளவாக்கில் பிளக்கும். பிளந்த முனையில் திருகாணி பிடிக்காது.

முன்புறச் சட்டங்கள் செவ்வகம். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து இரண்டு அளவும் 3 மி.மீ.-க்குள் ஒத்துவந்தால் நேர். பக்கவாட்டுச் சட்டங்களில் இதே சோதனையைச் செய்து குழம்புகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் 2.1, மறுபக்கம் 1.95 என்று சாய்ந்திருப்பதால் அங்கே குறுக்களவு ஒத்துவராது, ஒத்துவரவும் கூடாது. அதற்கு அடிக்கட்டையின் இரண்டு முனையிலும் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதுதான் வழி. கூரைச் சட்டத்தின் சாய்வு நீளமும் 1.2 மீட்டர் இல்லை, 1.21. அந்த 1 செ.மீ. விட்டுப்போனால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பல்லிப்பாதை கிடைக்கும்.

வலையைச் சட்டத்தின் உள்பக்கம் பொருத்துங்கள். வெளிப்பக்கம் பொருத்தினால் பூனை மோதும்போதெல்லாம் வலை சட்டத்தைவிட்டு விலகும் திசையில் தள்ளப்படும். உள்பக்கம் இருந்தால் அதே மோதல் வலையை மரத்தோடு சேர்த்து அழுத்தும். பூனை மரத்தைப் பிராண்டுவதும் குறையும்.

ஸ்டேப்ளர் பின் வலையை நிறுத்திப்பிடிக்க மட்டும். பிடிமானம் திருகாணியும் வாஷரும்தான்: 4×30 மி.மீ. திருகாணி, 25 மி.மீ. அகல வாஷர், 15 செ.மீ.-க்கு ஒன்று. கூண்டு முழுவதற்கும் 420 முதல் 450 வரை ஆனது. கை வலிக்கும் வேலை, ஆனால் குறைத்துக்கொள்ள வழியில்லை. மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கச் சுருங்க, ஸ்டேப்ளர் பின் ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் வெளியே வரும். சில மாதத்தில் விரலால் பிடுங்கலாம்.

வலை வெட்டும்போது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரக் கம்பியை ஒட்டி வெட்டாமல் கண்ணியின் நடுவில் வெட்டினால், வரிசை முழுவதும் 6 மி.மீ. முள் நிற்கும். பூனையின் கண் உயரத்தில் அப்படி ஒரு வரிசை இருப்பது போதும் விபத்துக்கு. இடுக்கியின் தட்டைப் பக்கத்தைக் குறுக்குக் கம்பியோடு ஒட்டி வைத்து வெட்டி, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கையில் கீறினால் இன்னொரு இழுப்பு. பக்கத்துக்கு ஒரு வரிசைக் கண்ணியை எடுத்துவிட்டால் வலையின் ஓரம் சட்டத்தின் ஓரத்துக்கு 1 செ.மீ. உள்ளே அடங்கும்.

சட்டங்களைச் சேர்க்க 8 மி.மீ. போல்ட், 110 மி.மீ. நீளம், ஒரு இணைப்புக்கு மூன்று. சுவரோரச் சட்டத்துக்கு 60 செ.மீ.-க்கு ஒரு சுவர்ப் போல்ட். சுவரும் மரமும் சேரும் இடத்தில், பூச்சு எவ்வளவு மட்டமாகத் தெரிந்தாலும், 5 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை இடுக்கு இருக்கும். அதில் நுரைப் பட்டையை அமுக்கி, மேலே 20 மி.மீ. ரீப்பர் அடித்து மூட வேண்டும். சுவர்ப்பல்லிக்கு அந்த இடுக்குதான் நடைபாதை. மூடாவிட்டால் தினமும் ஒரு பல்லி வாலையாவது இழக்கும்.

தரை

மண் தரையை அப்படியே விடத்தான் மனசு சொல்லும். பூனைக்கும் பிடிக்கும். ஆனால் ஈரமண்ணில் தவளையும் மண்புழுவும் வரும், மண்புழுவைத் தேடிப் பறவை வலையோரம் வரும், பூனையின் கழிவும் மண்ணில் கலக்கும். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டைகள் வரக்கூடும். வெளியேறிய பின் ஒன்று முதல் ஐந்து நாளில் அவை தொற்றும் நிலைக்கு வரும். மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அங்கிருந்து பறவைக்கும் எலிக்கும் மற்ற உயிர்களுக்கும் போகும். கழிவுத்தட்டைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்வதும் இந்த நாள் கணக்கை வைத்துத்தான்.

ஆகவே 5 செ.மீ. மணல் பரப்பி மட்டப்படுத்தி, கல் பலகைகள் பாவினோம். கல்லுக்குக் கல் இடைவெளி 5 மி.மீ.-க்குள். முன்பக்கம் நோக்கி 1.2 மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுத்தால் கழுவிய தண்ணீர் தேங்காது. தண்ணீர் வெளியேறும் வாய்க்கு அதே 12 மி.மீ. வலையைத் துண்டு வெட்டிப் போடுங்கள். இதை விட்டுவிட்டு முழுக் கூண்டையும் நேர்த்தியாக முடித்தவர்கள், தவளை எங்கிருந்து வருகிறது என்று பல நாள் தேடுவார்கள்.

தரையடி மடிப்பு: மிஞ்சிய 40 செ.மீ. துண்டுகளில் 10 செ.மீ. அடிக்கட்டையில் ஏறும், மீதி 30 செ.மீ. வெளியே தரையில் படுத்து 3 செ.மீ. மண்ணுக்குள் புதையும். எலியோ பெருச்சாளியோ அடிக்கட்டையை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும், முதலிலேயே வலை தட்டுப்படும். மூலைகளில் துண்டுகள் விரிந்து முக்கோண இடைவெளி விழும். அதற்குத் தனியாக ஒரு துண்டு வெட்டிக் கம்பியால் தைக்க வேண்டும்.

அடிக்கட்டைக்கு மேலே 35 செ.மீ. உயரத்துக்கு வெளிப்பக்கம் வழுவழுப்பான பலகை அடித்தோம். குட்டி அரணையும் இளம் தவளையும் 12 மி.மீ. கண்ணியில் நுழைந்துவிடும் என்பதுதான் காரணம். தரையோடு ஊர்ந்து வருவது பலகையில் முட்டித் திரும்பிப் போகும். தத்தித் தத்தி நடக்கும் பறவைக் குஞ்சும் பூனையும் தரைமட்டத்தில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதும் இல்லாமல் போகும்.

கூரையும் கதவும்

கூரை முழுவதும் வலை, அதன்மேல் பாதிக்கு மட்டும் 10 மி.மீ. இரட்டைச்சுவர் பாலிகார்பனேட் ஷீட். கண்ணாடி போலத் தெளிவான ஷீட்டில் வானமும் மரமும் பிரதிபலிக்கும், பறவை மோதும். பால்வெள்ளை ஷீட் எடுங்கள். கூண்டு ஒட்டியிருக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் இதே ஆபத்து உண்டு. வெளிப்பக்கம் 5 செ.மீ.-க்கு ஒரு புள்ளி வீதம் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் பறவைக்கு அது தடை என்று தெரியும். ஓரத்தில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. பறவை படத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வெற்றிடத்தில் மோதும்.

பாலிகார்பனேட் வெயிலில் மீட்டருக்கு ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். துளை திருகாணியைவிட 3 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், ரப்பர் வாஷர் வேண்டும், இறுக்கி முறுக்கக் கூடாது. இறுக்கினால் ஷீட் அலை அலையாக வளையும், நாளடைவில் துளையிலிருந்து கீறல் ஓடும். உள்ளறைகள் சரிவின் திசையில் ஓட வேண்டும். மேல் முனைக்கு அலுமினிய டேப், கீழ் முனைக்குக் காற்றுப் போகும் டேப். திறந்து விட்டால் உள்ளே பாசியும் செத்த பூச்சியும் சேர்ந்து ஒரு பருவத்தில் கறுத்துவிடும்.

ஆள் நுழையும் இடத்தில் 80 செ.மீ. சதுர நுழைவு அறை, இரண்டு கதவு. ஒன்று சாத்தின பிறகே மற்றது திறக்கும். இடமில்லை என்று இதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கையிலும் கழிவுத்தட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கதவைத் தோளால் தள்ளும் நேரம்தான் பூனைக்கு வசதியான நேரம். கதவு 70 செ.மீ. அகலம், 1.75 மீட்டர் உயரம். ஸ்பிரிங் கீல் மூன்று, சுற்றிலும் 4 மி.மீ. இடைவெளி. மழைக்காலத்தில் மரம் ஊதும்போது இந்த 4 மி.மீ. இல்லாவிட்டால் கதவு சிக்கும்.

கதவு தொங்குவதுதான் அடிக்கடி வரும் கோளாறு. குறுக்குச் சட்டம் தப்பான திசையில் இருக்கும். கீல் பக்கத்துக் கீழ் மூலையில் தொடங்கித் தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு ஏற வேண்டும். அப்போது கதவின் எடை சட்டத்தை அமுக்கிக் கீழ்க்கீலுக்குக் கடத்தும். எதிர்த் திசையில் அடித்தால் எடை திருகாணியை இழுக்கும், மூலை மெல்லப் பிரியும். தொங்கிய கதவைப் பிரித்து, சட்டத்தை மட்டும் திருப்பி அடித்தாலே சரியாகிவிடும்.

உள்ளே

30 செ.மீ. அகலத்தில் மூன்று தட்டு, 45, 90, 135 செ.மீ. உயரத்தில், படிபோல விலக்கி விலக்கி. வயதான பூனைக்கு முதல் தட்டுக்குச் சாய்பலகை வேண்டும். வலைக்கும் தட்டுக்கும் நடுவே 10 செ.மீ. விட்டால், வலையின் வெளியே உட்காரும் பறவைக்கும் பூனையின் முகத்துக்கும் இடையே ஒரு கை அகலமாவது இருக்கும்.

இரவில் விளக்கு வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அழகுக்காகச் சரவிளக்கு மாட்டுவது பலரின் ஆசை. விளக்குக்கு விட்டில் வரும். விட்டிலுக்குப் பல்லி வரும், வௌவால் தாழப் பறக்கும். பல்லி கண்ணியில் உடலை நெளித்து நுழைந்துவிடும். ஜன்னலின் உள்பக்கம் எரியும் விளக்கும் இதே வேலையைச் செய்யும், திரை போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக் கிண்ணத்தை இரவில் எடுத்துவிட வேண்டும், எலியும் எறும்பும் வரும். தண்ணீர் எப்போதும் இருக்கலாம். கோதுமை அல்லது ஓட்ஸ் முளைவிட்ட தொட்டி ஒன்று வைத்தால் பூனை கடித்துக்கொள்ளும். லில்லி வகை எதுவும் கூண்டுக்குள்ளும் எட்டும் தூரத்திலும் கூடாது. மகரந்தத்தை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும்.

பூனையைப் பழக்குவது

வெளியே சுற்றிப் பழகிய பூனையை ஒரே நாளில் அடைத்தால் இரவெல்லாம் கத்தும், வலையைப் பிராண்டும், சில ஆண் பூனைகள் மூலையில் சிறுநீர் தெளிக்கும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் சாப்பாட்டை மட்டும் கூண்டில் வைத்து, பூனைக் கதவின் மடலைத் திறந்தபடி கட்டிவைக்க வேண்டும். பிறகு மடலைப் பாதி இறக்கலாம். அந்தியிலும் விடியலிலும் வெளியே விடுவதை முதலில் நிறுத்துங்கள், பூனையின் வேட்டை வேகம் அப்போதுதான் அதிகம். கருத்தடை செய்யாத பூனைக்கு இந்த முயற்சி எதுவும் எளிதாக இருக்காது.

விளையாட்டு இதில் பாதி வேலை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு வெளியே போகும் பூனைகளைப் பற்றியது. தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. தானியம் சேராத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில் 36 சதவீதம் குறைந்தது. பளிச்சென்ற நிறத்துணி சுற்றிய கழுத்துப்பட்டை போட்டவற்றில் பறவைகள் 42 சதவீதம் குறைந்தன, எலிகள் குறையவில்லை. கழுத்தில் கட்டிய மணியால் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. உணவை ஒளித்துவைத்துத் தேடவிடும் புதிர்க்கிண்ணம் கொடுத்த வீடுகளில் இரை 33 சதவீதம் கூடியது.

கோலில் கட்டிய இறகுப் பொம்மையைப் பூனையின் முகத்தில் ஆட்டுவதால் பயனில்லை. எந்த இரையும் பூனையை நோக்கி ஓடி வராது. தட்டுக்குப் பின்னால் மறைத்து, விளிம்பில் நுனி மட்டும் தெரியும்படி மெல்ல இழுங்கள். பூனையின் பின்பாகம் அசையத் தொடங்கும், விழி விரியும். அப்போது ஒரு நொடி பொம்மையை அசையாமல் நிறுத்திவிட்டு வெடுக்கென்று இழுத்தால் பாயும். நான்கைந்து பாய்ச்சலுக்கு ஒருமுறை பிடிக்கவிட வேண்டும். கடைசிப் பிடிக்குப் பின் உடனே சாப்பாடு வைத்தால், உடம்பை நக்கிவிட்டுத் தூங்கப் போய்விடும். லேசர் ஒளியில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை, அது பூனையைப் பரபரப்பிலேயே விட்டுவிடும்.

கூண்டுக்கு வெளியே

சொந்தப் பூனை உள்ளே வந்துவிட்டாலும் தோட்டத்துக்கு வேறு பூனைகள் வரும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வந்த மதிப்பீட்டிலும், பெரும்பங்கு ஆள் இல்லாத பூனைகளுடையது. தண்ணீர்த் தொட்டியை 1 மீட்டருக்கு மேல் உயர்த்தி, அடர்ந்த தரைப்புதரிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். பூனை பதுங்க முடியாத தூரமும், பறவை பறந்து ஒளியக்கூடிய தூரமும் அதுதான். தீனித்தட்டின் கம்பத்தில் 45 செ.மீ. அகலத் தகரக் கூம்பைக் கவிழ்த்துப் பொருத்தினால் ஏறமுடியாது. கூம்பு தரையிலிருந்து 1.2 மீட்டருக்குக் கீழே இருந்தால் பூனை ஒரே தாவலில் அதைத் தாண்டிவிடும். கூட்டுப்புதரின் அடியில் முள்கிளைகளை வெட்டிப் பரப்பலாம். அந்துருண்டை, மிளகாய்த்தூள் வேண்டாம், அவை தவளைக்கும் மண்ணுக்கும் சேர்ந்தே கெடுதி.

எல்லாம் செய்தும் ஒருநாள் பூனையின் வாயில் குஞ்சு அகப்படலாம். மேலே காயம் தெரியவில்லை என்று பறக்கவிடாதீர்கள். பூனையின் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா பாக்டீரியா ஊசிமுனை அளவு பல்தடத்திலேயே உள்ளே போய்விடும், பறவைக்கு ஒன்றிரண்டு நாளில் இரத்தம் நஞ்சாகும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, வெதுவெதுப்பாக வைத்து, தண்ணீரோ தீனியோ வாயில் புகட்டாமல், அன்றைக்கே ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடிய கால்நடை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

கூண்டைச் சரிபார்க்க நல்ல நேரம் இரவு. பூனையை வீட்டுக்குள் விட்டுவிட்டு, பெரிய டார்ச் ஒன்றைத் தரையில் வைத்து அடிப்பலகையை நோக்கித் திருப்புங்கள். வெளியே வந்து குனிந்து ஒரு சுற்று நடந்தால், எங்கே ஒளிக்கீற்று தெரிகிறதோ அங்கே இடுக்கு. பிறகு டார்ச்சைச் சுவரோரம் நிறுத்தி ரீப்பரின் மேலிருந்து கீழ்வரை பாருங்கள். முதல் மழைக்குப் பின் ஒருமுறை, முதல் கடும் வெயிலுக்குப் பின் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சோதித்து முடித்ததும் டார்ச்சை அணைத்துவிடுங்கள், அதற்குள் விட்டில் வந்துவிட்டிருக்கும்.